ஆலமரத்தடிக்குப் புதிதாக வருபவர்

தமிழ் விக்கிப்பீடியாவில் பயனர் கணக்குத் தொடங்கும் ஒருவர் முதலில் தேடிப் போவது பெரும்பாலும் தன் சொந்த ஊரைப் பற்றிய கட்டுரையைத்தான். தேனி மாவட்டத்துச் சின்னமனூர்க்காரர் என்றால் சின்னமனூர். தான் நடந்து திரியும் ஊருக்கும் அங்கே எழுதப்பட்டிருக்கும் ஊருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று முதலில் திகைப்பார். பிறகு பக்கத்தின் மேலே இருக்கும் 'தொகு' என்ற சொல் கண்ணில் படும். மேகமலைக்கு ஏறும் சாலை நம் ஊரிலிருந்துதானே கிளம்புகிறது, அதை ஏன் ஒருவரும் விரித்து எழுதவில்லை? சிவகாமியம்மன் கோயில் தேரோட்டம் எங்கே? வாழைத் தோட்டங்கள் எங்கே? எழுத ஆரம்பிப்பார். எழுதி முடித்தும் மனம் அடங்காமல், இயற்கை அள்ளிக் கொடுத்த எழில்மிகு ஊர் என்று ஒரு வரியும் சேர்த்துச் சேமிப்பார்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தால் அந்த வரி இருக்காது. தேரோட்டப் பத்தியின் முடிவில் 'சான்று தேவை' என்று யாரோ ஒட்டியிருப்பார்கள். நீக்கியவர் யார், எந்த ஊர், என்ன வயது, எதுவும் தெரியாது. பயனர் பெயர் ஒன்று மட்டும் வரலாற்றுப் பக்கத்தில் நிற்கும். சின்னமனூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு சின்னமனூரைப் பற்றிச் சொல்ல இவர் யார் என்ற கேள்வி எழுவது இயல்பு. அந்தக் கேள்வியோடு கணினியை மூடியவர்களில் பலர் மறுபடி வரவே இல்லை.

அவர்களைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைத் தொடர்ந்து பார்த்துவருபவர்களுக்கு அந்தப் பெயர்கள் தெரியும். ஒரே நாளில் நான்கைந்து திருத்தங்கள் செய்திருப்பார்கள், அத்தோடு முடிந்துவிடும். பயனர் பக்கம் சிவப்பு எழுத்தில், ஒருமுறைகூட உருவாக்கப்படாமலே நிற்கும். அவர்களுக்கு எழுதத் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் வந்த வேளையில் எதிர்கொண்டு பேச ஆள் இல்லாமல் போயிற்று என்பதே என் எண்ணம்.

தமிழ் விக்கிப்பீடியா எத்தனை குறைந்த ஆட்களால் நடக்கிறது என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. ஆங்கில விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் தொடங்கியது. தமிழுக்கு 2003இல் இடம் கிடைத்தது. இடம் கிடைத்ததே தவிர உள்ளே ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞரான இ. மயூரநாதன், வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த ஆண்டு நவம்பரில் சேர்ந்தார். இடைமுகத்தைத் தமிழாக்கினார், முதற்பக்கத்தை அமைத்தார், தொடக்க மாதங்களில் ஏறத்தாழத் தனி ஆளாகக் கட்டுரைகள் எழுதினார். பின்னாளில் அவர் எழுதிய கட்டுரைகள் நாலாயிரத்தைத் தாண்டின. கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியபோது, கலைக்களஞ்சியம் எழுதுவதும் எழுத்துத்தான் என்று ஓர் இலக்கிய அமைப்பு சொன்னதில் எனக்கு நிறைவாக இருந்தது. தேனியிலிருந்து 'முத்துக்கமலம்' இணைய இதழை நடத்திவரும் தேனி எம். சுப்பிரமணி, விக்கியில் எழுதியதோடு நிற்காமல், 'தமிழ் விக்கிப்பீடியா' என்ற பெயரிலேயே 2010இல் ஒரு நூல் கொண்டுவந்தார். சிறந்த நூலுக்கான தமிழக அரசின் பரிசு அதற்குக் கிடைத்தது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, இதில் நான் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்குக் கையில் எடுத்துக் கொடுக்க அப்படி ஒரு தமிழ்ப் புத்தகம் இருந்தது.

இன்று தமிழில் ஒன்றரை லட்சம் கட்டுரைகளுக்கு மேல் இருக்கின்றன. மாதந்தோறும் அங்கே கைவைப்பவர்கள் சில நூறு பேர். அன்றாடம் வந்து துப்புரவு செய்து, புதியவரை வரவேற்று, விஷமத்தை நீக்குகிறவர்கள் இன்னும் குறைவு. யாருக்கும் சம்பளம் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்காருகிற வேலை இது. பொழுதுபோக்கு என்று சொன்னால் சிலருக்குச் சிறியதாகப் படுகிறது. எனக்கு அப்படிப் படவில்லை. கட்டாயம் இல்லாமல் ஒருவர் தினமும் திரும்பி வருகிறார் என்றால், அந்த வருகையில் இருக்கும் அன்பு கூலிக்குச் செய்யும் வேலையில் எளிதில் அமையாது. அதனால்தான் அங்கே நேரும் சிறிய அவமதிப்பும் ஆழமாகப் போகிறது. சம்பளத்துக்காகப் பொறுத்துக்கொள்ள ஒரு காரணம் இல்லை, எழுந்து போய்விடலாம்.

புதியவர்கள் இப்படி விலகிப்போவது ஆங்கிலத்தில் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. ஆய்வாளர் ஆரன் ஹாஃபேக்கரும் அவருடைய சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 2007இல் உச்சத்தைத் தொட்ட ஆங்கில விக்கிப்பீடியாவின் பங்களிப்பாளர் எண்ணிக்கை பிறகு ஏன் இறங்கிக்கொண்டே போனது என்று கேட்டது. வந்தவர்களின் தரம் குறைந்துவிட்டதா? இல்லை. நல்லெண்ணத்தோடு வந்தவர்களின் விகிதம் பெரிதாக மாறவில்லை. அவர்கள் எழுதியதை நீக்கும் விகிதம்தான் ஏறியிருந்தது. விஷமிகளைத் தடுக்கக் கட்டிய தானியங்கிக் கருவிகள் ஒரே சொடுக்கில் திருத்தத்தை அழித்து, அச்சடித்தது போன்ற ஓர் எச்சரிக்கையைப் பேச்சுப் பக்கத்தில் ஒட்டிவிட்டு நகர்ந்தன. அந்த எச்சரிக்கையில் மனிதக் குரல் இல்லை. விதிகளும் இறுகிப்போயிருந்தன. முன்னால் வந்தவர்கள் பேசிப் பேசி உருவாக்கியவற்றைப் பின்னால் வந்தவர்கள் மாற்ற முடியவில்லை. கவனியுங்கள், அதே ஆங்கில விக்கிப்பீடியாவில் புதியவர்களைக் கடிக்காதீர்கள் என்று தலைப்பிலேயே சொல்லும் வழிகாட்டல் ஒன்று வெகுநாளாக இருந்துவந்தது. எழுதி வைத்த நல்லெண்ணம் வேகத்துக்கு முன்னால் நிற்கவில்லை. 2012இல் புதியவர்கள் கூச்சமில்லாமல் கேள்வி கேட்க 'டீஹவுஸ்' என்று ஓர் இடம் அமைத்தார்கள். அங்கே அழைக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாக நீடித்தார்கள் என்று பிறகு வந்த ஆய்வு சொன்னது. சற்றுத்தான். ஆனால் அந்தச் சற்றும் ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குப் பதில் எழுதியதால் கிடைத்தது.

ஆங்கிலம் ஆயிரம் பேரை இழந்தாலும் தாங்கும். நமக்கு ஒருவர் போனால் ஒரு மாவட்டம் போகிறது. தேனி மாவட்டத்துப் பேரூராட்சிகளைப் பற்றி அக்கறையோடு எழுதுபவர் ஒருவர் கோபித்துக்கொண்டு விலகினால், அவருடைய இடத்தில் இன்னொருவர் எப்போது வருவார்? 2017இல் தமிழகத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கு விக்கிப்பீடியாவில் எழுதப் பயிற்சி தரும் முயற்சி நடந்தது. அன்றாடம் பழகிய சில பத்துப் பேர் இருந்த வீட்டுக்குள் ஒரே சமயத்தில் அத்தனை புதியவர்கள் வந்தார்கள். பாடப்புத்தக நடையில் கட்டுரைகள் வந்தன, ஒரே தலைப்பில் பல கட்டுரைகள் வந்தன. துப்புரவு செய்தவர்கள் களைத்துப் போனார்கள். ஆனால் கூட்டம் ஓய்ந்த பிறகும் தங்கிவிட்டவர்கள் யார் என்று பார்த்தால், எழுதியதை யாராவது பொறுமையாகத் திருத்திக் காட்டி, இப்படிச் செய்து பாருங்கள் என்று சொல்லக் கிடைத்தவர்கள்தான் பெரும்பாலும் என்பது என் கணிப்பு.

புதியவர் எங்கிருந்து தொடங்குவது? மானிடவியலாளர் ஜீன் லேவ் 1970களில் லைபீரியாவின் தையற்கடைகளில் உட்கார்ந்து, தொழில் பழக வரும் பையன்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று பார்த்தார். முதலில் பொத்தான் தைப்பது, ஓரம் மடிப்பது. பிறகு துண்டுகளை இணைத்துத் தைப்பது. துணியை வெட்டுவது கடைசியில்தான். வெட்டில் பிழை நேர்ந்தால் துணியே வீண், பொத்தானில் நேர்ந்தால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியமான ஒன்றும் அதில் இருந்தது. பொத்தான் தைக்கும்போது முழுச் சட்டை பையனின் மடியில் கிடக்கிறது. முடிந்த வேலை எப்படி இருக்கும் என்று தடவிப் பார்த்தபடியே அவன் தொடங்குகிறான். எட்டியென் வெங்கருடன் சேர்ந்து லேவ் 1991இல் எழுதிய புத்தகத்தின் மையக் கருத்து அதிலிருந்து கிளைத்தது: கற்பது என்றால் ஒரு குழுவின் ஓரத்தில் உரிமையோடு நிற்க ஆரம்பித்து மெல்ல நடுவுக்கு நகர்வது. உரிமையோடு என்பதுதான் அங்கே பெரிய சொல். ஓரத்தில் நிற்பவன் வேடிக்கை பார்ப்பவன் அல்லன், அவன் தைத்த பொத்தானோடுதான் சட்டை விற்பனைக்குப் போகிறது.

விக்கிப்பீடியாவில் அந்த ஓரம் அகலமானது, இதை யாரும் புதியவருக்குச் சொல்வதில்லை. தேனி மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது 1996இல். ஏதாவது ஒரு சிற்றூர்க் கட்டுரையில் இன்னும் மதுரை மாவட்டம் என்று இருந்தால் அந்த ஒரு சொல்லை மாற்றலாம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை நாளிதழ்ச் சான்றோடு திராட்சைக் கட்டுரையில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நிலம் 14,707 ஏக்கர் என்ற எண், பெரியாறு அணையிலிருந்து முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்கும் செய்தியோடு வழக்கமாக அச்சில் வரும். சான்று தேவை என்று தொங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் அந்தச் செய்தியைப் பொருத்தலாம். கோயில் கோபுரத்தையும் ஆற்றுப் பாலத்தையும் சொந்தக் கைபேசியில் படமெடுத்து விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். இப்படிச் செய்யும் ஒவ்வொரு திருத்தத்திலும் முழுச் சட்டை மடியில் கிடக்கிறது: மேற்கோள் எப்படிக் கொடுக்கிறார்கள், பகுப்பு எப்படிச் சேர்க்கிறார்கள், உரையாடல் பக்கத்தில் நான்கு அலைக்குறிகள் இட்டு எப்படிக் கையொப்பம் வைக்கிறார்கள் என்பதெல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. தட்டுத்தடுமாறிப் பழக 'மணல்தொட்டி' இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள 'ஒத்தாசைப் பக்கம்'. எல்லோரும் கூடிப் பேசுமிடத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர் வைத்தவர்கள் யாராக இருந்தாலும் அவர்களுக்கு என் வணக்கம். ஊர்க்காரன் எவனுக்கும் அந்தப் பெயரைப் பார்த்தால் உட்காரத் தோன்றும்.

உட்கார்ந்ததும் முதலில் பழக வேண்டியது பலவகைத் தமிழ். தமிழ் விக்கிப்பீடியாவைக் கட்டியவர்களில் ஈழத்தவர் பலர், புலம்பெயர்ந்தவர் பலர். கனடிய நகரை 'ரொறன்ரோ' என்று எழுதும் கையும் 'டொராண்டோ' என்று எழுதும் கையும் ஒரே கட்டுரையில் புழங்குகின்றன. கிரந்த எழுத்துகளை எந்த அளவுக்கு வைத்துக்கொள்வது என்பதில் அங்கே நடந்த வாதங்கள் நீளமானவை, சில வேளைகளில் கசப்பானவை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து போகும் ஒருவருக்கு முதலில் எல்லாமே எழுத்துப்பிழையாகத் தெரியும். கை பரபரக்கும். ஒரே இரவில் பல கட்டுரைகளில் ஓர் ஊரின் பெயரை மாற்றிவிட்டு, நல்ல வேலை செய்த நிறைவோடு தூங்கப் போவார். விடிந்து பார்த்தால் அத்தனையும் பழையபடி இருக்கும். இங்கே புதியவரிடம் நான் ஒன்று கேட்பேன். யாழ்ப்பாணத்தில் ஒருவர் அப்படித்தான் படித்தார், அப்படித்தான் எழுதுகிறார், அந்தத் தமிழுக்கும் உங்கள் தமிழுக்கும் வயது ஒன்றுதான். மாற்றுவதற்கு முன்னால் உரையாடல் பக்கத்தில் கேளுங்கள். கேட்பவருக்கு அங்கே பெரும்பாலும் பதில் கிடைக்கிறது, பதிலோடு ஒரு நட்பும் கிடைக்கிறது. நான் பார்க்காத நாடுகளில் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் ஏதோ ஒரு பெயரின் எழுத்துக்கூட்டலில் வாதிட்டுக் கிடைத்தவர்கள்.

ஊரைப் பற்றி எழுதும்போது வரும் முரண் இதைவிடக் கடினமானது. சின்னமனூர் பூலாநந்தீசுவரர் கோயிலில் லிங்கம் பார்ப்பவரின் உயரத்துக்கு ஏற்பத் தோன்றும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. இந்த ஊர்ப் பிள்ளைகள் பாட்டி இடுப்பில் இருந்தபடி அதைக் கேட்டு வளர்கிறார்கள். அதை ஒருவர் நடந்தது நடந்தபடி எழுதுகிறார். இன்னொருவர் வந்து 'என்பது நம்பிக்கை' என்று இரண்டு சொல் சேர்க்கிறார். எழுதியவருக்கு அந்த இரண்டு சொல் பாட்டியைப் பொய்க்காரி என்று சொன்னதாக வலிக்கிறது. சேர்த்தவருக்கோ அது அன்றாடத் துப்புரவு, அடுத்த நிமிடமே மறந்துவிடும். இருவரில் யாரும் கெட்டவர் இல்லை. கலைக்களஞ்சியத்துக்கு அந்த இரண்டு சொல் வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏன் வேண்டும் என்று ஒருவர் எழுதிச் சொல்லியிருக்கலாம்: இந்த நம்பிக்கையை நாம் நீக்கவில்லை, நம்பிக்கை என்று பதிவு செய்கிறோம், நூறு ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு சின்னமனூர் மக்கள் என்ன நம்பினார்கள் என்று தெரிய வேண்டாமா, இதைச் சொல்லும் தலபுராண நூல் உங்கள் கையில் இருந்தால் மேற்கோளாகத் தர முடியுமா? இதைத் தட்டச்சு செய்ய இரண்டு நிமிடம் ஆகும். வந்தவர் தங்குவதும் போவதும் அந்த இரண்டு நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது.

அப்படித் தங்கிவிட்டவர் ஒருநாள் செப்பேடுகளிடம் வந்து சேர்வார். சின்னமனூரின் பெயரைத் தமிழக வரலாறு படித்தவர்கள் அறிந்திருப்பது வாழைக்காகவோ மேகமலைக்காகவோ இல்லை, இங்கே கிடைத்த பாண்டியர் செப்பேடுகளுக்காக. பெரிய சின்னமனூர்ச் செப்பேட்டில் வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் இருக்கின்றன. பாண்டிய முன்னோர் மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் அது அரச பரம்பரையின் பெருமைகளாகச் சொல்கிறது. தமிழ்ச் சங்கம் இருந்ததற்குக் கல்லிலும் செம்பிலும் சான்று உண்டா என்று யார் கேட்டாலும் எங்கள் ஊர்க்காரர் நிமிர்ந்து உட்கார்வதற்குக் காரணம் இதுதான். எனவே புதியவர் எழுதுவார்: சங்கம் இருந்ததைச் சின்னமனூர்ச் செப்பேடு நிரூபிக்கிறது. உடனே கேள்வி வரும். செப்பேடு பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அது பேசும் சங்கம் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. பிற்காலப் பாண்டியன் ஒருவன் தன் முன்னோரைப் பற்றிச் சொல்லும் கூற்று எதற்குச் சான்று? அவன் காலத்தில் அப்படி ஒரு நினைவு வாழ்ந்தது என்பதற்கு உறுதியான சான்று. சங்கமே நடந்தது என்பதற்கு வேறு ஆதாரங்களோடு வைத்துப் பார்க்க வேண்டிய ஒரு தடயம். இந்த வேறுபாட்டை ஊர்ப்பற்றுள்ள ஒருவர் ஏற்றுக்கொள்ள நேரம் பிடிக்கும். ஆனால் ஏற்றுக்கொண்டபின் செப்பேடு சிறுத்துப்போவதில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓர் அரசவை தன் பழமையை எப்படி நினைத்துக்கொண்டது என்பது எவ்வளவு பெரிய செய்தி!

அதே செப்பேட்டை வெளியிட்ட மன்னனின் பெயரில் இன்னொரு கண்ணியும் உண்டு. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி 1929இல் வெளிவந்த தன் பாண்டியர் வரலாற்று நூலில் அவனை இரண்டாம் இராசசிம்மன் என்கிறார். சதாசிவ பண்டாரத்தார் மூன்றாம் இராசசிம்மன் என்கிறார். ஆள் ஒருவன்தான், முன்னோர் வரிசையை எண்ணும் முறை வேறு. ஒரே ஒரு புத்தகம் படித்த ஆர்வலர் மற்றதைப் பிழை என்று கருதி எல்லாப் பக்கங்களிலும் எண்ணை மாற்றிவிடுவார். பழைய பயனர் ஒருவர் அதைத் திரும்ப மாற்றிவிட்டுப் போய்விட்டால் அங்கே ஒரு பகை உண்டாகும். இரண்டு நூல்களின் பக்க எண்ணையும் கொடுத்து, அடிக்குறிப்பில் இரண்டு வழக்கையும் சொல்வோமா என்று கேட்டால் அங்கே ஓர் ஆய்வாளர் உருவாகலாம். செப்பேடு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் இங்கே வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர். இப்படி ஒரு வாதத்துக்குள் இழுக்கப்பட்டுத்தான் அவர்களில் சிலர் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளைத் தேடிப் போகிறார்கள்.

சான்று கேட்பது அவமதிப்பு ஆகாமல் இருக்க முடியுமா? பாண்டியர் செப்பேடுகளிலேயே இதற்கு ஒரு காட்சி இருக்கிறது, சின்னமனூரில் இல்லை, வேள்விக்குடியில். எட்டாம் நூற்றாண்டில் பராந்தக நெடுஞ்சடையன் மதுரையில் இருக்கும்போது சிலர் அவன் முன்னால் குரலெழுப்பி முறையிடுகிறார்கள். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி கொற்கைகிழான் நற்கொற்றன் என்பவனுக்குக் கொடுத்த ஊர் வேள்விக்குடி, களப்பிரர் காலத்தில் பறிபோனது, திரும்ப வேண்டும் என்பது அவர்கள் வழக்கு. முதுகுடுமி அந்த மன்னனுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவன். யாரோ வந்து எப்போதோ நடந்ததைச் சொல்கிறார்கள். மன்னன் விரட்டவில்லை, நம்பிவிடவும் இல்லை. முறுவலித்து, நல்லது, நாட்டாரைக் கொண்டு இதன் பழமையை நிறுவிக் காட்டிப் பெற்றுக்கொள் என்றான். வந்தவர்களுள் உரிமை கோரியவன் அப்படியே காட்டினான். ஊர் திரும்பக் கொடுக்கப்பட்டது, அதுவும் செம்பில் வெட்டி வைக்கப்பட்டது.

இந்தக் காட்சியில் என்னை நிறுத்திவைப்பது அந்த முறுவல். முறையிட வந்தவனின் கோரிக்கை மெய்யாக இருக்கலாம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது, சான்றில்லாமல் தரமாட்டேன் என்ற உறுதியும் இருக்கிறது. அதோடு எப்படி நிறுவ வேண்டும் என்ற வழியையும் அவன் காட்டிவிடுகிறான். 'சான்று தேவை' என்ற மூன்றங்குல ஒட்டுக்கு இந்த மூன்றாவது பகுதி இல்லை. எங்கே தேடுவது, எந்த மாதிரிச் சான்று செல்லும், நூலகத்தில் யாரைக் கேட்பது என்பதெல்லாம் பழையவருக்குத் தெரியும், புதியவருக்குத் தெரியாது. தெரிந்தவர் சொல்லாமல் போனால் அந்தக் கேள்வி வெறும் கதவடைப்பாகிவிடுகிறது. ஆகவே ஒத்துப்போகும் பொறுப்பு இருவருக்கும் சமமில்லை என்றே நான் நினைக்கிறேன். புதியவருக்குப் பொறுமை வேண்டும், உண்மைதான். ஆனால் வழி தெரிந்தவரின் கடன் பெரிது. இதில் எனக்கு நடுநிலை நோக்கு இல்லை.

வேள்விக்குடிக் காட்சியில் இன்னொன்றும் இருக்கிறது. மன்னன் ஏற்றுக்கொண்ட சான்று நாட்டாரின் வாய்மொழி. இன்று விக்கிப்பீடியா அதை ஏற்பதில்லை. அச்சில் வந்திருக்க வேண்டும், அல்லது நம்பகமான ஊடகத்தில் வந்திருக்க வேண்டும். பொய்யும் விளம்பரமும் புகாமல் காக்க வேறு வழி கண்டுபிடிக்கப்படாத நிலையில் இந்த விதியை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனாலும் அச்சேறாத ஊர்களுக்கு அது கடுமையான விதி. மேகமலை அடிவாரத்தில் மலைமாடு மேய்ப்பவர் ஒவ்வொரு மாட்டையும் நிறத்தாலும் கொம்பாலும் பெயரிட்டு அழைப்பதை எந்த நூலில் காட்டுவது? வயல் வரிசைகளுக்கு வழங்கும் பெயர்கள், வாய்க்காலில் முறைவைத்து நீர் பாயும் ஒழுங்கு, கைவிடப்பட்ட நெல் வகைகள், எல்லாம் எழுபது வயது தாண்டியவர்களின் நினைவில் இருக்கின்றன. 2011இல் அச்சல் பிரபலா என்பவர் இதே கேள்வியோடு கேரளத்திலும் வட இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு முயற்சி செய்தார். மலையாளம், இந்தி, செபெடி ஆகிய மொழிகளின் விக்கிப்பீடியர்களோடு சேர்ந்து ஊர் மக்களைப் பேச வைத்து, ஒலிப்பதிவு செய்து, அந்தப் பதிவையே மேற்கோளாக வைத்துக் கட்டுரைகள் எழுதினார்கள். அச்சில் எங்கும் விரிவாக வராத ஒரு சிறுவர் விளையாட்டு அப்படித்தான் கலைக்களஞ்சியத்துக்குள் வந்தது. அந்த முறை பொது விதியாக மாறவில்லை. எதிர்ப்பவர்களின் வாதமும் வலுவானது: யார் வேண்டுமானாலும் யாரையாவது பேச வைத்து எதையும் நிறுவிவிடலாமே. கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது.

திறந்து கிடக்கும்வரை இங்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு, நாங்கள் சிலர் அதைச் செய்ய ஆரம்பித்திருக்கிறோம். கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி அச்சில் வந்தவை நாம் நினைப்பதைவிட அதிகம், சிதறிக் கிடக்கின்றன. கோயில் குடமுழுக்கு மலர்கள், பள்ளி நூற்றாண்டு மலர்கள், உள்ளூர்த் தமிழாசிரியர்கள் சொந்தக் காசில் அச்சடித்த தலவரலாறுகள், கல்லூரிகளில் கொடுத்த ஆய்வேடுகள், விவசாய சங்கங்களின் வெளியீடுகள். இவற்றில் எது எந்த நூலகத்தில், யார் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டுவருகிறோம். புதிதாக வருபவர் ஊர்க் கட்டுரையில் சான்றில்லாமல் ஒரு பத்தி சேர்த்தால், நீக்குவதற்கு முன் அவருடைய பேச்சுப் பக்கத்தில் எழுதுகிறோம்: வணக்கம், நல்ல தகவல் சேர்த்திருக்கிறீர்கள், இது இன்ன மலரில் வந்திருக்க வாய்ப்புண்டு, உங்களால் பார்க்க முடியுமா, முடியாவிட்டால் படமெடுத்து நாங்கள் அனுப்புகிறோம். உடனே நீக்கியே ஆக வேண்டிய அவதூறுக்கும் விளம்பரத்துக்கும் இது பொருந்தாது, மற்றதற்கெல்லாம் பொருந்தும். சிலர் பதில் எழுதுவதில்லை. எழுதியவர்களில் ஒருவர், பள்ளி மாணவர், தாத்தாவின் பெட்டியிலிருந்த குடமுழுக்கு மலர் ஒன்றை எடுத்து வந்தார். அட்டை போயிருந்தது, பக்க எண்கள் இருந்தன. ஊர்க் கட்டுரையில் சான்றில்லாமல் நின்ற இரண்டு வரிகளுக்கு அதிலிருந்து மேற்கோள் கொடுத்துவிட்டு, அடுத்து எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்.